இசைத்தட்டில் அடங்காத இரவுகள்

சேரன்மாதேவியை அடுத்த காருகுறிச்சி, பொருநை நாடு தந்த நாகசுர மேதை அருணாசலத்தின் (1921–1964) ஊர். திருவாவடுதுறை இராஜரத்தினம் பிள்ளையிடம் பயின்றவர் அவர். ‘கொஞ்சும் சலங்கை’ (1962) படத்தின் ஆபேரிப் பாடலில் எஸ். ஜானகியின் குரலோடு அவர் இசை இழைந்தது. வீதியை நிறைக்கும் பெருங்கருவி மென்குரலுக்கு இணங்கி நடந்த அழகில் நெஞ்சைப் பறிகொடுத்தோருள் யானும் ஒருத்தி. ஆயினும், அப்பாடலே இன்று பலருக்கு அவரது முழு அடையாளமாயிற்று. பழைய இசைத்தட்டின் ஒரு பக்கம் ஏறத்தாழ 3 நிமிடமே ஓடும். விடிய விடிய விரியும் இராக ஆலாபனை அதனுள் அடங்குமா? தட்டு அவரைக் காத்தது; குறுக்கியும் விட்டது. சொல்லுக்குள் உணர்வை அடக்க முயலும் கவிஞர்க்கு இவ்விழப்புப் புதிதன்று. அவரை நேரிற் கேட்ட செவிகள் அருகி வருகின்றன. எஞ்சியோர் நினைவுகளைப் பத்தாண்டு கண்ட நம் வட்டம் விரைந்து எழுத்தில் ஏற்றுதல் வேண்டும்.