சிறைக்கோட்டமும் சிறைக்கணக்கும்

நூறாயிரம் மக்களுக்கு எத்துணைப் பேர் சிறையில் உள்ளனர் என்னும் அளவைக் கொண்டு நாடுகளை ஒப்பிடுதல் இன்று பெருவழக்காயுள்ளது. அவ்வளவு எதனைக் காட்டும், எதனை மறைக்கும் என்பதை நம் பழைய நூல்களின் துணைகொண்டு ஈண்டு ஆராய்வோம்.

அமெரிக்க ஐக்கிய நாடுகளில், வட்டாரக் காவற்கூடங்கள் நீங்கலாக, இவ்வளவு 1970களின் தொடக்கம் வரை பல்லாண்டுகள் ஏறத்தாழ 100 என்றே நின்றது. அஃது இயற்கை நியதி போல்வது எனக் கருதிய அறிஞரும் இருந்தனர். 2008இல் அது 500ஐக் கடந்துவிட்டது. பின்லாந்தோ எதிர்வழிச் சென்றது. 1950இல் 190ஐ அணுகியிருந்த அளவு, அந்நூற்றாண்டின் இறுதியில் 60க்கும் கீழாயிற்று. அந்நாட்டின் குற்றங்கள் அண்டை நாடுகளின் போக்கை ஒட்டியே ஏறி இறங்கின. ஆதலின் மாறியது மக்களின் ஒழுக்கமன்று, ஆள்வோரின் தண்டனைக் கொள்கையே எனல் தகும்.

இந்தியாவில் 2022ஆம் ஆண்டின் இறுதியில் சிறையிலிருந்தோர் 5,73,220 பேர். நூறாயிரத்துக்கு ஏறத்தாழ 40. இவ்வெண்ணை மட்டும் நோக்குவார் நம் நாட்டை அருள் மிக்க நாடென்றே கொள்வர். அவ்வாறு கொள்ளல் பொருந்தாது. அவருள் 4,34,302 பேர், அதாவது நூற்றுக்கு 75 பேருக்கு மேற்பட்டோர், குற்றம் இன்னும் மெய்ப்பிக்கப்பெறாத விசாரணைக் கைதிகள். ஏனை இரு நாடுகளிலும் சிறை பெரும்பாலும் தீர்ப்புக்குப் பிந்தியது. நம் நாட்டில் அது தீர்ப்புக்கு முந்தியது.

சிறை என்னும் சொல் பழந்தமிழில் பக்கம், இறகு, காவல் எனப் பல பொருள்பட வழங்கியது. குடவாயிற் கோட்டத்தில் சேரமான் கணைக்காலிரும்பொறை கிடந்த சிறையும் போரில் பிடிபட்டோனுக்குரிய காவலே. ஆண்டுக் கணக்கிட்டு விதித்த தண்டனையன்று. குற்றத்துக்கு ஈடாகக் காலத்தை அளந்து கொடுக்கும் முறை பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்நாட்டில் வேரூன்றியது. பிலடெல்பியாவில் 1829இலும் இலண்டனில் 1842இலும் அம்முறைக்கெனப் பெருஞ்சிறைகள் திறக்கப்பெற்றன. யாம் வாழும் பாலவாக்கத்துக்கு வடக்கே, சென்னை மத்திய புகைவண்டி நிலையத்துக்கு அணித்தாக 1837இல் எழுந்த சிறை, ‘மதராஸ் பெனிடென்ஷியரி’ எனப் பெயர் பெற்றது. செய்ததற்கு நெஞ்சு நைந்து வருந்தும் இடம் என்பது அப்பெயரின் கருத்து. அச்சிறை 2006இல் மூடப்பெற்று, அதன் கைதிகள் புழலுக்கு மாற்றப்பெற்றனர். செய்தது இன்னதென்றே முடிவாகாதவன் எதற்கு வருந்துவான் என்னும் வினா மட்டும் கட்டடத்தோடு போகவில்லை.

இவ்வினாவைச் சிலப்பதிகாரம் முன்னரே எழுப்பியுள்ளது. கட்டுரை காதையில் மதுராபதி கூறும் வார்த்திகன் வரலாற்றைக் கற்றோர் பலரும் கண்ணகி கதையின் ஒரு கிளையென விரைந்து கடப்பர். திருத்தங்கால் ஊரில் வார்த்திகன் மகன் அணிந்திருந்த அணிகலனைக் கண்ட அரசு அலுவலர், அரசற்குரிய பொருளைக் கவர்ந்தான் என ஐயுற்று அவன் தந்தையைச் சிறையிட்டனர். அவ்வணிகலனோ பராசரன் என்பான் விரும்பி ஈந்த கொடை. மனைவி கார்த்திகை அரற்றினாள். கொற்றவை கோயிற் கதவம் திறவாதாயிற்று. உண்மை உணர்ந்த பாண்டியன் வார்த்திகனை விடுவித்து ஊர்கள் அளித்ததோடு நிற்கவில்லை. சிறைக்கோட்டங்களையெல்லாம் திறக்கப் பணித்தான். இறை செலுத்தாது நின்றோரின் கடனையும் நீக்கினான். ஓர் அலுவலரின் பிழையாக அவன் அதனைக் கொள்ளவில்லை, சிறையிடும் முறையின் பிழையாகவே கொண்டான் என்பது எம் கருத்து. மணிமேகலை சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக்கியதும் இதனோடு இயைத்து எண்ணத்தக்கது.

விசாரணைக் கைதிகளின் பெருக்கம் புதிதன்று. 1975இலேயே அவர்கள் சிறையிலிருந்தோரில் பாதிக்கு மேற்பட்டிருந்தனர். பீகார்ச் சிறைகளில் ஆண்டுக்கணக்கில் கிடந்தோர் பற்றிய உசைனாரா காதூன் வழக்கில், விரைந்த விசாரணை உயிர்வாழும் உரிமையுள் அடங்கும் என 1979இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2024 சூலை முதல் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம், முதன்முறை குற்றஞ்சாட்டப்பெற்றோர் உச்சத் தண்டனைக் காலத்தில் மூன்றில் ஒரு பங்கைக் கழித்துவிடின், சில விலக்குகளுக்கு உட்பட்டு, பிணையில் விடுவிக்க வகை செய்துள்ளது. மூன்றில் ஒரு பங்கு வரை காத்திருத்தல் முறையே என்பதும் அதனால் பெறப்படுகிறது.

விசாரணையே வேண்டாத சிறையும் ஒன்றுண்டு. தமிழ்நாட்டின் 1982ஆம் ஆண்டுப் பதினான்காம் சட்டம், இனிக் குற்றம் செய்யக்கூடும் என்னும் ஐயத்தின்மேல் ஒருவனை ஓராண்டு வரை காவலில் வைக்க இடந்தருகிறது. 2021, 2022 ஆகிய ஆண்டுகளின் கணக்குகளில் இத்தகைய தடுப்புக் காவலில் இருந்தோர் தொகையில் முதலிடம் பெற்ற மாநிலம், வார்த்திகனின் திருத்தங்கால் அமைந்த தமிழ்நாடே.