நாற்பது ஆண்டுகள் காத்திருந்த பொறுமை

பத்திரிகைத் துறையில் நீண்ட காலம் பணியாற்றியவன் என்ற வகையில், எனது பழைய தவறொன்றை இங்கே திருத்திக்கொள்ள விரும்புகின்றேன். பல ஆண்டுகளுக்கு முன்னர், பெரிய வெள்ளிச் சிறப்பிதழ் ஒன்றுக்காக, ‘அமேசிங் கிரேஸ்’ என்னும் புகழ்பெற்ற கீதத்தை இயற்றிய ஜோன் நியூட்டனைப் பற்றிக் கட்டுரை எழுதியிருந்தேன். அடிமை வியாபாரியான அவர் நடுக்கடலில் புயலில் சிக்கி, இறைவனைக் கூவியழைத்து, அன்றே அத்தொழிலைக் கைவிட்டார் என்பதே நான் எழுதிய கதை. பிரசங்கங்களில் கேட்டதை அப்படியே நம்பி எழுதிவிட்டேன். பின்னர் அவரது வரலாற்றை ஆறுதலாகப் படித்தபோதுதான், நடந்தது அதுவல்ல என்பது புரிந்தது.

1725 இல் இலண்டனில் பிறந்தவர் நியூட்டன். பக்தி மிகுந்த தாயாரை ஏழு வயது நிறைவதற்குள் இழந்தார். பதினொரு வயதில் தந்தையுடன் கடலுக்குச் சென்றார். 1744 இல் கடற்படையில் பலவந்தமாகச் சேர்க்கப்பட்டார். தப்பியோடிப் பிடிபட்டுக் கசையடி பெற்றார். முரட்டுக் குணமும் தெய்வ நிந்தனையும் அவரது அடையாளங்களாக இருந்தன.

1748 மார்ச்சில், ‘கிறேஹவுண்ட்’ என்னும் கப்பலில் இங்கிலாந்துக்குத் திரும்புகையில் கடும் புயலில் சிக்கினார். கப்பலுக்குள் புகுந்த நீரை இறைத்துக்கொண்டிருந்த வேளையில் இறைவனின் இரக்கத்தை நாடினார். கப்பல் தப்பிப் பிழைத்து அயர்லாந்தின் கரையைச் சேர்ந்தது. இதுவரை நான் எழுதியதில் பிழையில்லை.

ஆனால் அதே ஆண்டிலேயே அவர் அடிமைக் கப்பலொன்றில் துணை அதிகாரியாகப் புறப்பட்டார். 1750 முதல் 1754 வரை மூன்று பயணங்களில் கப்பல் தலைவராகவே இருந்தார். மேல்தளத்தில் ஞாயிறு ஆராதனை நடத்தினார். கீழ்த்தளத்தில் ஆபிரிக்க மக்கள் விலங்கிடப்பட்டுக் கிடந்தனர். கிளர்ச்சி செய்யக்கூடும் எனச் சந்தேகிக்கப்பட்டோரின் பெருவிரல்களைத் திருகுபொறியில் நசுக்கியதை அவரது நாட்குறிப்பே சொல்கின்றது. 1754 இல் அவரைக் கடலிலிருந்து விலக்கியது மனச்சாட்சி அன்று, திடீர் நோய்.

1764 இல் ஓல்னி என்னும் ஊரில் குருவானவரானார். அவ்வாண்டில் வெளியான தன்வரலாற்றில், அத்தொழிலில் இருந்த காலத்தில் அது தகாதது என்ற எண்ணமே தமக்கு எழவில்லை என எழுதினார். 1773 புத்தாண்டு ஆராதனைக்காக அந்தக் கீதத்தை இயற்றியபோதுகூட, அடிமை வியாபாரத்தை அவர் பகிரங்கமாகக் கண்டித்திருக்கவில்லை.

1785 இல் வில்லியம் வில்பர்போஸ் என்னும் இளம் பாராளுமன்ற உறுப்பினர் அவரிடம் ஆலோசனை கேட்டு வந்தார். அரசியலைவிட்டு விலகாது அங்கேயே இறைபணி செய்யுமாறு நியூட்டன் அவருக்கு அறிவுரை கூறினார். 1788 இல், புயல் வீசி நாற்பது ஆண்டுகள் கழிந்த பின்னர், ஆபிரிக்க அடிமை வியாபாரம் பற்றிய சிறு நூலை வெளியிட்டுத் தமது பங்கை வெட்கத்தோடு ஒப்புக்கொண்டார். பாராளுமன்றக் குழுவின் முன் சாட்சியமும் அளித்தார். 1807 மார்ச்சில் அவ்வியாபாரம் பிரித்தானியப் பேரரசில் சட்டத்தால் தடைசெய்யப்பட்டது. அதே ஆண்டு டிசம்பர் 21 ஆம் திகதி, எண்பத்திரண்டு வயதில் நியூட்டன் காலமானார்.

‘நீடிய பொறுமை’ என்று வேதாகமம் கூறுவதன் பொருள் எனக்கு இங்கேதான் விளங்கிற்று. அரைகுறையாக மாறிய மனிதனையும் இறைவன் கைவிடவில்லை. நாற்பது ஆண்டுகள் அவனது கண்களைச் சிறிது சிறிதாகத் திறந்தார். குறைபாடுகளோடு போராடுகின்ற எவருக்கும் இது பெரும் ஆறுதல்.

எனினும் அந்த ஆறுதலோடு நான் நின்றுவிட இயலாது. நியூட்டன் தாமதித்த ஆண்டுகளுக்கான விலையைக் கொடுத்தவர்கள் கீழ்த்தளத்தில் கிடந்தவர்கள். அவர்களின் பெயர்களை அவரது நாட்குறிப்பு பதிவுசெய்யவில்லை, எண்களாகவே குறித்தது. இறைவனின் தயவு நம்மை மனந்திரும்புதலுக்கே நடத்துகின்றது என்பது உரோமருக்கு எழுதிய நிருபத்தில் பவுலடியார் தந்த போதனை. அந்தப் பொறுமையை நமது தாமதத்துக்கு அனுமதியாக எடுத்துக்கொள்வது அதனை அவமதிப்பதாகும்.

ஒரே இரவில் மாறிய மனிதனின் கதை வாசிப்பதற்கு இனிமையானது. ஆனால் என் போன்றோருக்குப் பயன்படுவது, மாறுவதற்கு நாற்பது ஆண்டுகள் எடுத்து, இறுதியில் உண்மையைச் சொன்ன மனிதனின் கதையே. எனது திருத்தமும் தாமதமாகவே வருகின்றது, வாசகர்கள் பொறுத்தருள்க.