புல்ஹெட் மீன்

ஐரோப்பாவின் குளிர்ந்த, தெளிந்த ஓடைகளில் கற்களுக்கடியில் வாழும் சிறு நன்னீர் மீன் புல்ஹெட். கோட்டஸ் பேரினத்தைச் சேர்ந்தது; வளர்ந்த மீனே பெரும்பாலும் 10 செ.மீ. நீளத்தைத் தாண்டாது. அகன்று தட்டையான தலை, செவுள்மூடியில் ஒரு முள், விசிறிபோல் விரியும் மார்புத் துடுப்புகள், செதிலற்ற தோல் ஆகியவை இதன் அடையாளங்கள். உடலுக்குள் காற்றுப்பை கிடையாது. அதனால் நீரில் மிதந்து நிற்க இதற்கு இயலாது. தரையோடு தரையாகத் தத்தித்தான் நகரும். பகலில் கல்லிடுக்கில் பதுங்கி, இருட்டியபின் நன்னீர்க் கூனிகளையும் பூச்சிகளின் இளம்புழுக்களையும் தேடித் தின்னும்.

இளவேனிலில் ஆண்மீன் ஒரு கல்லின் கீழ்ப்புறத்தைத் தன் இடமாக்கிக்கொள்ளும். பெண்மீன்கள் அங்கே வந்து, மஞ்சள்நிற முட்டைகளைக் கல்லின் அடிப்பகுதியில் கொத்தாக ஒட்டிவிட்டுப் போய்விடும். குஞ்சு பொரியும்வரை துடுப்பால் நீரை விசிறியபடி காவல் இருப்பது ஆண்தான்.

1758இல் சுவீடன் இயற்கையியலாளர் லின்னேயஸ் இதற்குக் கோட்டஸ் கோபியோ என்று அறிவியற்பெயர் சூட்டினார். பின்னர் இரண்டு நூற்றாண்டுகளுக்கு மேலாக ஐரோப்பாவின் பல ஆறுகளில் பிடிபட்ட புல்ஹெட்டுகள் இந்த ஒரே பெயரில்தான் பதிவாயின. 1964இல், தென்பிரான்சின் மோன்பெலியே அருகே லெஸ் ஆற்றில் மட்டுமே வாழும் மீன் கோட்டஸ் பெட்டிட்டி எனத் தனிச் சிற்றினமாக விவரிக்கப்பட்டது. 2005இல் ஃப்ரைஹோஃப், கோட்டலா, நோல்டே ஆகிய மூவர் ஒரே ஆய்வில் மேலும் 8 புதிய சிற்றினங்களை அறிவித்தனர்.

இத்தனை வகைகள் உருவானதற்கு இம்மீன் இடம்பெயராததே முக்கியக் காரணம். சுமார் 20 செ.மீ. உயரத் தடுப்பணையைக்கூட இதனால் ஏறிக் கடக்க முடியாது. ஆற்றுக்கு ஆறு பிரிந்து கிடந்த கூட்டங்கள் நெடுங்காலத்தில் தனித்தனியே மாறின.

மனிதர் வெட்டிய கால்வாய்கள் அந்தப் பிரிவை உடைத்தன. கீழ் ரைன் ஆற்றில் 20ஆம் நூற்றாண்டின் இறுதியில் புல்ஹெட்டுகள் திடீரெனப் பெருகின. அவை ரைன் படுகை மீன்களும் ஷெல்டே படுகை மீன்களும் கலந்து உருவான கலப்பினம் என்று 2005இல் மரபணு ஆய்வு காட்டியது. குளிர் ஓடைகளுக்கே உரியதாகக் கருதப்பட்ட மீனின் இவ்வழித்தோன்றல், சற்றே வெப்பமான, கலங்கிய பேராற்றிலும் செழித்தது.

ஐரோப்பிய ஒன்றியத்தின் 1992ஆம் ஆண்டு வாழிடப் பாதுகாப்பு ஆணையின் பட்டியலில் கோட்டஸ் கோபியோ இடம்பெற்றது. அப்பெயரில் பிரித்தானியாவில் காக்கப்பட்டுவரும் மீன்களைப் புதிய வகைப்பாடு கோட்டஸ் பெரிஃப்ரெட்டம் என்கிறது. பாதுகாப்பு ஆவணங்களிலோ லின்னேயஸ் இட்ட பெயரே நீடிக்கிறது.