மழை பெய்தால் பாட்டு போகும்

ஈப்போவில் சாயங்காலம் நாலு மணிக்கு மேல் மழை வருவது புதிதல்ல. புந்தோங்கில் அத்தை வீட்டுக்குப் போகும்போதெல்லாம் அந்த நேரத்தில் ஒரே காட்சிதான். பாட்டி நாற்காலியில் சாய்ந்திருப்பார். தொலைக்காட்சி ஓடும், ஆனால் படம் இருக்காது. ஆஸ்ட்ரோ பெட்டியில் எண்ணூற்றுச் சொச்சம் எண்களில் வரிசையாக வானொலி நிலையங்கள் இருக்கின்றன. அவற்றில் தமிழ் நிலையத்தைப் பாட்டி வைத்திருப்பார். திரையில் நிலையத்தின் சின்னம் மட்டும் நிற்கும், பாட்டு வந்துகொண்டிருக்கும். மழை வலுத்ததும் சத்தம் துண்டு துண்டாகி நின்றுபோகும்.

போன டிசம்பரில் அப்படி நின்றபோது பாட்டி சொன்னார்: "அப்பல்லாம் மழ பேஞ்சா பாலு போச்சி. இப்ப மழ பேஞ்சா பாட்டு போச்சி."

எண்பத்தைந்து வயதில் நாற்பது வருடத்துக்கும் மேல் பால் வெட்டியவர் அவர். விடியற்காலையில் மழை பெய்தால் மரப்பட்டை நனைந்துவிடும். வெட்டினால் பால் கோட்டில் நிற்காமல் மங்குக்கு வெளியே வழியும். அன்று வேலை இல்லை, சம்பளமும் இல்லை. நான் பொறியியல் படித்தவன் என்பதால், பாட்டு ஏன் போகிறது என்று விளக்கத் தொடங்கினேன். துணைக்கோள் நமக்கு மேலே ஏறத்தாழ 36,000 கிலோமீட்டரில் இருக்கிறது. அது அனுப்பும் அலையின் நீளம் இரண்டரை சென்டிமீட்டர் அளவுதான். அவ்வளவு சின்ன அலையைக் கனமழை உறிஞ்சியும் சிதறடித்தும் விடும். பாட்டி பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அந்த ரேடியாவுக்கு மழ ஒண்ணும் பண்ணலயே" என்றார். அவர் சொன்னது தோட்டத்து ரேடியோவை. அந்த ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டுதான் இந்தக் கதையைத் தேடத் தொடங்கினேன்.

பேராக் தோட்டங்களுக்குள் வானொலி வந்த கதையைத் துப்பாக்கிச் சத்தத்திலிருந்துதான் சொல்ல வேண்டும். 1948 ஜூன் 16. சுங்கை சிப்புட் எல்ஃபில் தோட்டத்தில் ஆர்தர் வாக்கர் என்ற வெள்ளைக்கார நிர்வாகி சுடப்பட்டார். சிறிது நேரத்தில் அதே வட்டாரத்தில் இன்னொரு தோட்டத்தில் ஜான் அலிசன், இயன் கிறிஸ்டியன் என்ற இருவர் கொல்லப்பட்டார்கள். அடுத்த இரண்டொரு நாளில் மலாயா முழுவதும் அவசரகாலம். அது 1960 வரை நீடித்தது.

அந்த யுத்தத்தை அரசாங்கம் துப்பாக்கியால் மட்டும் நடத்தவில்லை. காட்டோரம் வாழ்பவர்களிடம் பேச வேண்டும். தோட்டத்தில் பலருக்கு எழுத்து தெரியாது, பத்திரிகை போய்ச் சேராது. 1950இல் ஹியூ கார்ல்டன் கிரீன் என்பவரைப் பிரச்சாரப் பணிக்கு லண்டனிலிருந்து வரவழைத்தார்கள். பின்னாளில் பி.பி.சி.யின் தலைமை இயக்குநரான அதே கிரீன்தான். சிங்கப்பூரில் 1946இல் தொடங்கியிருந்த ரேடியோ மலாயா, மலாயிலும் சீன மொழிகளிலும் தமிழிலும் தோட்டங்களுக்கும் புதுக்கிராமங்களுக்கும் நிகழ்ச்சிகள் அனுப்பியது. அவற்றைக் கூட்டாகக் கேட்க, மின்கலத்தில் ஓடும் பெட்டிகள் வந்தன.

பாட்டி அப்போது சிறுமி. சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டம். பெரட்டுக்களத்துக்குப் பக்கத்தில் ஒரு மரப்பெட்டிக்குள் ரேடியோ இருந்ததாம். கிராணிதான் திறந்து வைப்பார். "மொதல்ல சர்க்கார் சேதி. யாரு சரணடஞ்சா, யாரப் புடிச்சா. அது முடிஞ்சாதான் பாட்டு. நாங்க பாட்டுக்காகக் குந்தியிருப்போம். பெரியவங்க சேதியும் கேப்பாங்க, கேக்காத மாதிரியும் இருப்பாங்க."

கேட்காத மாதிரி இருப்பது என்பதில் ஒரு வரலாறே இருக்கிறது. தோட்டத்து மக்கள் இரண்டு பக்கமும் பயந்து வாழ்ந்த காலம் அது. சேதியைக் கேட்டுத் தலையாட்டினால் ஒரு தரப்புக்குக் கோபம், கேட்காமல் எழுந்து போனால் இன்னொரு தரப்புக்குச் சந்தேகம். பாட்டு இருந்ததால் அங்கே உட்கார்ந்திருக்க எல்லாருக்கும் ஒரு காரணம் கிடைத்தது. நம் சமூகத்தின் முதல் வானொலி நேயர்கள் இப்படித்தான் உருவானார்கள். இதை அந்தக் காலத்தின் இனிய நினைவு என்று மட்டும் எழுதிவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை.

பிறகு டிரான்சிஸ்டர் வந்தது. மின்சாரம் இல்லாத லயத்திலும் நாலு பேட்டரி போட்டால் பாடும். பேட்டரி தீரப்போனால் வெயிலில் காயவைத்து இன்னும் இரண்டு நாள் ஓட்டுவார்கள். தாத்தா அறுபதுகளின் கடைசியில் ஒன்று வாங்கினார். பெரட்டுக்களத்தில் இருந்த குரல் அடுப்பங்கரைக்கு வந்தது. கிராணியின் கையில் இருந்த திருகு பாட்டியின் கைக்கு வந்தது. எந்த நேரம் திறப்பது, எப்போது அணைப்பது என்பதை அவரே முடிவு செய்தார். நிலையம் மட்டும் ஒன்றுதான். ரேடியோ மலாயா 1959இல் சிங்கப்பூரிலிருந்து பிரிந்து கோலாலம்பூரை இருப்பிடமாக்கிக்கொண்டது. அதன் தமிழ்ப் பிரிவு பின்னர் 'ரங்கையான் மேரா' என்றும், 'வானொலி ஆறு' என்றும், 2005 முதல் 'மின்னல்' என்றும் பெயர் மாறி வந்திருக்கிறது.

அந்த ஒற்றை நிலையத்துக்குள் ஒரு நாளுக்குப் பல நிலையங்கள் இருந்தன. காலையில் பக்திப் பாட்டு, பிறகு செய்தி, மாணவர்களுக்கான நிகழ்ச்சி, மகளிருக்கானது, நாடகம், கர்நாடக இசை, நேயர் விருப்பம். ரெ. கார்த்திகேசு போன்ற எழுத்தாளர்கள் வானொலியில் வேலை பார்த்த காலம் அது. மலேசியத் தமிழ் நாடகம் என்று ஒன்று மேடையில் வளர்ந்ததைவிட காற்றில்தான் அதிகம் வளர்ந்தது என்று தோன்றுகிறது. எம்.எஸ்.வி. பாட்டு வேண்டுமென்றால் அதற்கு முந்தைய செய்தியையும் கேட்டாக வேண்டும். பிடிக்காததையும் கேட்டதால்தான் பாட்டிக்கு இன்றும் சில ஆலாபனைகள் ராகத்தின் பெயர் தெரியாமலே அடையாளம் தெரிகின்றன.

இதே காலத்தில் இந்தியாவில் நடந்ததை ஒப்பிட்டுப் பார்க்கலாம். 1952இல் தகவல் அமைச்சரான பி.வி. கேஸ்கர் அகில இந்திய வானொலியில் சினிமாப் பாட்டுக்குக் கதவைச் சாத்தினார். மக்கள் இலங்கை வானொலிக்குத் திருகினார்கள். கடைசியில் 1957இல் விவித் பாரதியைத் தொடங்கி அரசாங்கமே இறங்கி வரவேண்டியிருந்தது. நேயர்கள் வேறு பக்கம் போன பிறகுதான் அங்கே இரண்டாவது அலைவரிசை பிறந்தது. ஒரு நிலையம் எவ்வளவு நல்லதாக இருந்தாலும், திருப்புவதற்கு இன்னொன்று இல்லையென்றால் நேயருக்குக் குரல் இல்லை. எங்கள் தோட்டங்களில் அந்த இன்னொன்று வர நாற்பது வருடம் ஆனது.

அதற்குள் தோட்டங்களே போய்விட்டன. ஐம்பதுகளில் தொடங்கிய தோட்டத் துண்டாடலில் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் வேலையையும் வீட்டையும் சேர்த்தே இழந்தன. சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, பத்து வெள்ளிப் பங்குகளாகத் தொழிலாளர் பணத்தைச் சேர்த்துத் தோட்டங்களை வாங்கினார். கொஞ்சம் காப்பாற்ற முடிந்தது. மிச்சம் செம்பனையாகவும் வீடமைப்புத் திட்டமாகவும் மாறியது. பாட்டியின் தோட்டம் தொண்ணூறுகளில் கைமாறியது. லயத்தை இடித்தார்கள். அப்பா ஈப்போவில் ஃபேக்டரி வேலைக்கு வந்தார்.

அந்தத் தொண்ணூறுகளில்தான் வானம் திறந்தது. 1996 ஜனவரியில் மீசாட் 1 துணைக்கோள் ஏவப்பட்டது. அதே ஆண்டு ஆஸ்ட்ரோ வந்தது. தொலைக்காட்சியோடு வானொலி நிலையங்களும் அதே தட்டு வழியாக இறங்கின. மலாய்ப் பாட்டுக்கு, ஆங்கிலப் பாட்டுக்கு, பழைய பாட்டுக்கு, புதிய பாட்டுக்கு என்று தனித்தனி எண்கள். இன்றைக்கு மாதச் சந்தா இல்லாத என்ஜோய் பெட்டியிலும் வானொலி வருகிறது. ராகாவின் கதை இன்னும் வேடிக்கை. 1994இல் வடக்கு-தெற்கு நெடுஞ்சாலை முழுமையடைந்த காலத்தில், 'டைம் ஹைவே ரேடியோ' என்று சாலைப் பயணிகளுக்காகத் தொடங்கிய நிலையம் அது. கைமாறி, மொழி மாறி, 2000களில் டி.எச்.ஆர். ராகா என்ற முழுநேரத் தமிழ் நிலையமானது. தோட்டங்களை ஊடறுத்துப் போட்ட சாலைக்கென்று பிறந்த வானொலி, தோட்டத்தை விட்டு வந்தவர்களின் வானொலியாயிற்று.

உள்ளூர்க் கலைஞர்களுக்கு இது கிடைத்தற்கரிய வாய்ப்பு. 2006இல் யோகி பியும் நட்சத்திராவும் 'வல்லவன்' தொகுப்பை வெளியிட்டபோது நான் பள்ளி மாணவன். எங்கள் பள்ளிப் பேருந்தில் அதைத் தவிர வேறு பாட்டு கிடையாது. அடுத்த வருடமே 'பொல்லாதவன்' படத்தில் யோகி பியின் குரல் வந்தது. தமிழ்நாட்டிலிருந்து பாட்டு இங்கே இறங்குவதுதான் வழக்கம். முதன்முறையாக இங்கிருந்து அங்கே ஒன்று ஏறியதை நாங்கள் கண்டோம்.

வானொலிக்காகவே ஏவப்பட்ட துணைக்கோள் ஒன்றும் எங்கள் தலைக்கு மேலே இருந்தது. நோவா சமாரா தொடங்கிய வேர்ல்ட்ஸ்பேஸ் நிறுவனத்தின் ஆசியாஸ்டார், 2000ஆம் ஆண்டு மேலே போனது. உள்ளங்கை அகலத் தட்டு, சின்னப் பெட்டி, மாதச் சந்தா. இந்தியாவில் கர்நாடக இசைக்கு 'ஸ்ருதி', இந்துஸ்தானிக்கு 'கந்தர்வ்', பழைய இந்திப் பாட்டுக்கு 'ஃபரிஷ்தா', கன்னடத்துக்கு 'ஸ்பர்ஷா', தெலுங்குக்கு 'ஸ்பந்தனா' என்று அலைவரிசைகளை அடுக்கினார்கள். ஏ.ஆர். ரஹ்மான் விளம்பர முகம். தமிழுக்கான அலைவரிசையின் பெயர் 'கே.எல். ரேடியோ'. கே.எல். என்ற இரண்டெழுத்து எங்கள் காதில் கோலாலம்பூர் என்றுதான் விழும். சென்னையில் சந்தா கட்டியவர்கள் அந்தப் பெயரில் தமிழ்ப் பாட்டு கேட்டார்கள்.

தொழில்நுட்பமாக அது கெட்டிக்காரத்தனமான ஏற்பாடு. அலையின் நீளம் இருபது சென்டிமீட்டர், மழை ஒன்றும் செய்யாது. பணத்துக்குத்தான் வழியில்லாமல் போனது. 2008இல் நிறுவனம் திவால் மனு போட்டது. 2009 டிசம்பர் கடைசியில் இந்தியச் சேவை நின்றது. சந்தா கட்டியவர்களின் பெட்டிகள் ஒரே நாளில் ஊமையாகின. விளம்பரமே இல்லாமல் நாளெல்லாம் ஓடிய அலைவரிசைகள், கேட்பவர் பணம் கட்டினால்தான் உயிரோடிருக்கும் என்பதை அது காட்டிக்கொடுத்தது.

இப்போது என் கைப்பேசியில் உலகத்துத் தமிழ் வானொலிகள் அத்தனையும் இருக்கின்றன. எண்பதுகளின் பாட்டுக்கு ஒன்று, ராஜாவுக்கு மட்டும் ஒன்று, பக்திக்கு ஒன்று. முன்பு ஒரு நாளின் மணிகளுக்குள் இருந்த வகைகள் இன்று எண்களுக்குள் பிரிந்து கிடக்கின்றன. எனக்கு வேண்டாததை நான் கேட்க வேண்டியதே இல்லை. இதில் நஷ்டப்பட்டது பேச்சுதான். பாட்டுக்காக உட்கார்ந்தவனைப் பிடித்து வைத்து நாடகமும் உரையும் கேட்க வைத்த அந்த ஏற்பாடு போய்விட்டது. பேச்சு இப்போது பாட்டுக்கு நடுவே வரும் கலகலப்பாகச் சுருங்கியிருக்கிறது. அதே சமயம், கிராணி திறந்தால்தான் ரேடியோ என்ற காலத்துக்கு யாரும் திரும்பப் போக வேண்டியதில்லை. இரண்டையும் ஒரே மூச்சில் சொல்ல வேண்டியிருக்கிறது.

பாட்டியிடம் இன்னொன்று கேட்டேன். இத்தனை வருடம் வானொலி கேட்டதில் எது நினைவிருக்கிறது? நாடகத்தையோ பாட்டையோ சொல்வார் என்று நினைத்தேன். எழுபதுகளில் தாத்தா நேயர் விருப்பத்துக்கு அஞ்சலட்டை போட்ட கதையைச் சொன்னார். மூன்று மாதம் கழித்து ஒருநாள் வாசித்தார்களாம். தாத்தா பெயர், பாட்டி பெயர், ஐந்து பிள்ளைகளின் பெயர், தோட்டத்தின் பெயர், 'சுங்கை சிப்புட், பேராக்.' லயமே கூடிவிட்டதாம். "பாட்டு என்னான்னு மறந்துபோச்சி. தோட்டத்துப் பேர சொன்னான்ல, அதான்."

அந்த ஒலிப்பதிவு எங்கும் இருக்க வாய்ப்பில்லை. தோட்டத்தின் பெயர் இன்றைக்கு அங்கே பலகையிலும் இல்லை. அந்த நிலத்தில் எழுந்த தாமானுக்கு ஒரு பூவின் பெயரை வைத்திருக்கிறார்கள்.

டிசம்பர் மழைக்கு வருகிறேன். ஆஸ்ட்ரோ நின்றதும் பாட்டி எழுந்து, சாமி மேடைக்குப் பக்கத்தில் இருந்த பழைய சின்ன ரேடியோவைத் திறந்தார். கிளேடாங் மலைக் கோபுரத்திலிருந்து வரும் எஃப்.எம். அலை மூன்று மீட்டர் நீளம். மழை அதைத் தொடுவதில்லை. அறிவிப்பாளர் வாழ்த்துகளை வாசித்துக்கொண்டிருந்தார். பாட்டி காதைப் பக்கத்தில் கொண்டுபோனார்.

"எந்த எடம்னு சொன்னான் ஐயா?"

ஏதோ ஒரு தாமான் பெயரைச் சொன்னேன்.

"அதுக்கு முன்னாடி அது எந்தத் தோட்டம்?" என்றார்.