இரீனா ரோட்னினா: துணைவர் மாறினார், பட்டம் மாறவில்லை

பனித்தளத்தில் ஓர் ஆணும் பெண்ணும் சேர்ந்து ஆடும் ஃபிகர் ஸ்கேட்டிங் இணையர் பிரிவு, 1908 லண்டன் ஒலிம்பிக்கிலேயே இடம்பெற்றுவிட்டது. முதல் தங்கம் ஜெர்மனியின் அன்னா ஹ்யூப்லர், ஹைன்ரிஹ் பர்கர் ஜோடிக்கு. கைகோத்து, ஒரே தாளத்தில், ஒரே கோட்டில் வழுக்கிச் செல்வதே அன்றைய அழகு. அந்த அழகை அதன் உச்சிக்குக் கொண்டுபோனவர்கள் லெனின்கிராட் தம்பதியான லுத்மிலா பெலவூசவா, ஒலெக் புரோட்டோபோபோவ். 1964 இன்ஸ்புருக், 1968 கிரெனோபிள் என இரண்டு ஒலிம்பிக் தங்கங்கள். 1965 முதல் 1968 வரை நான்கு உலகப் பட்டங்கள். பீத்தோவனின் ‘மூன்லைட் சொனாட்டா’வுக்கு அவர்கள் ஆடினால் அரங்கம் மூச்சடக்கிப் பார்த்தது.

1969-இல் அந்த ஆட்சி முடிந்தது. முதலில் ஐரோப்பியப் போட்டி, பிறகு கொலராடோ ஸ்பிரிங்ஸில் உலகப் போட்டி. இரண்டிலும் தங்கம் வென்றவர்கள் மாஸ்கோவின் இரீனா ரோட்னினா, அலெக்ஸி உலனோவ். உலகப் போட்டியில் புரோட்டோபோபோவ் தம்பதிக்கு வெண்கலம்தான் கிடைத்தது. அப்போது ரோட்னினாவுக்கு வயது 19.

இதை ஒரு ஜோடி போய் இன்னொரு ஜோடி வந்த கதையாகப் படிப்பது போதாது. இணையர் ஆட்டம் எதற்காகப் பாராட்டப்பட வேண்டும் என்ற அளவுகோலே அந்த ஆண்டில் மாறியது. மெதுவான நீண்ட கோடுகளின் இடத்துக்கு வேகம் வந்தது. காதலைச் சித்திரிப்பதைக் காட்டிலும் கடினமான அசைவுகளை இடைவெளியின்றி அடுக்குவதற்கு மதிப்பு கூடியது. அந்த மாற்றத்தைப் பன்னிரண்டு ஆண்டுகள் தோளில் சுமந்தவர் ஏறத்தாழ ஐந்தடி உயரமே கொண்ட ஒரு பெண்.

ரோட்னினா 1949 செப்டம்பர் 12 அன்று மாஸ்கோவில் பிறந்தார். குழந்தைப் பருவத்தில் திரும்பத் திரும்ப நிமோனியா வந்த பிள்ளை. திறந்தவெளிக் குளிர்காற்றில் ஓடியாடினால் உடம்பு தேறும் என்று பெற்றோர் ஸ்கேட்டிங் தளத்துக்கு அழைத்துப் போனார்கள். சி.எஸ்.கே.ஏ. என்ற ராணுவ விளையாட்டுக் கழகத்தில் ஸ்டானிஸ்லாவ் ஜூக் அவருக்குப் பயிற்சியாளராக வாய்த்தார். ஜூக்கும் ஒருகாலத்தில் மனைவி நீனாவுடன் ஐரோப்பிய வெள்ளி வென்ற இணையர் ஆட்டக்காரர்தான். ஆனால் மாணவர்களிடம் அவர் கேட்டது தம் தலைமுறையின் மென்மையை அல்ல. ஓட்டப்பந்தய வீரரின் மூச்சை.

ரோட்னினாவும் உலனோவும் 1969 முதல் 1972 வரை நான்கு உலகப் பட்டங்களையும் 1972 சப்போரோ ஒலிம்பிக் தங்கத்தையும் வென்றார்கள். சப்போரோவில் வெள்ளி வென்ற சோவியத் ஜோடி லுத்மிலா ஸ்மிர்னோவா, ஆந்திரேய் சுராய்கின். உலனோவின் மனம் ஸ்மிர்னோவாவிடம் இருந்தது. அவரையே மணந்து, அவருடனேயே ஆடவும் முடிவெடுத்தார். பிரிவு உறுதியான நிலையில்தான் கல்கரி நகரில் 1972 உலகப் போட்டிக்கு இருவரும் ஜோடியாக வந்தார்கள். போட்டிக்கு முன் நடந்த பயிற்சியில், உலனோவ் தலைக்கு மேல் தூக்கியிருந்த ரோட்னினா தவறிப் பனிமேல் விழுந்தார். தலையில் பலத்த அடி. மண்டைக்குள் ரத்தம் கட்டியது. அந்த நிலையிலும் களம் இறங்கித் தங்கம் வென்றார். இன்றைய மருத்துவ அறிவோடு பார்த்தால் அவரை ஆட விட்டிருக்கவே கூடாது. அந்தப் பதக்கத்தை வீரத்தின் சான்றாக மட்டும் எழுதிவிட்டுப் போவது வரலாற்றுக்கு நியாயம் செய்வதாகாது.

துணைவர் போனால் ஆட்டமும் போயிற்று என்பதே இந்தத் துறையின் பொது வழக்கம். தூக்குவது, எறிவது, சுழல்வது எல்லாம் இருவரின் எடை, உயரம், கால்வேகம், நம்பிக்கை ஆகியவற்றை ஒட்டி ஆண்டுக்கணக்கில் பழகி வருபவை. ‘டெத் ஸ்பைரல்’ என்ற அசைவையே பார்க்கலாம். ஆண் ஒரு காலின் முனையைப் பனியில் ஊன்றி அச்சாக நின்று சுழல்வார். பெண் அவருடைய ஒற்றைக் கையைப் பிடித்தபடி, ஒரே காலின் பிளேடு விளிம்பில், தலைமுடி பனியை உரசும் அளவுக்குச் சாய்ந்து அவரைச் சுற்றி வருவார். ஆணின் முழங்கால் எவ்வளவு மடங்கும், கை எந்தக் கணத்தில் இழுக்கும் என்பது பெண்ணின் உடம்புக்குத் தெரிந்திருக்க வேண்டும். புதியவரோடு இதை முதலிலிருந்து கற்க வேண்டும்.

ஜூக் தேர்ந்தெடுத்த புதியவர் லெனின்கிராடின் அலெக்சாந்தர் ஜைத்செவ். ரோட்னினாவைவிட ஏறத்தாழ மூன்று வயது இளையவர், சர்வதேச அளவில் பெயர் தெரியாதவர். 1972 வசந்தத்தில் சேர்ந்து பயிற்சி தொடங்கினார்கள். 1973-இல் ஐரோப்பியப் பட்டமும் உலகப் பட்டமும் அவர்கள் கையில். உலகப் போட்டியில் இரண்டாம் இடம் ஸ்மிர்னோவா, உலனோவ் ஜோடிக்கு.

அந்த 1973 உலகப் போட்டி நடந்த இடம் செக்கோஸ்லோவாக்கியாவின் பிராட்டிஸ்லாவா. சோவியத் டாங்கிகள் அந்நாட்டுக்குள் நுழைந்து ஐந்து ஆண்டுகூட ஆகியிருக்கவில்லை. ரோட்னினாவும் ஜைத்செவும் ஆடிக்கொண்டிருக்கும்போது இசை திடீரென்று அறுந்தது. அது 1968-க்கான எதிர்ப்பாக அரங்கப் பணியாளர் ஒருவர் செய்த செயல் என்று பின்னாளில் சொல்லப்பட்டது. இருவரும் நிற்கவில்லை. இசையில்லாத தளத்தில் பிளேடுகள் பனியைக் கீறும் ஓசை மட்டும் கேட்க, அசைவு பிசகாமல் ஆடி முடித்தார்கள். மக்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். சேர்ந்து ஓராண்டே ஆன ஜோடி, காதில் தாளமில்லாமலே ஒருவரையொருவர் கணித்து ஆடியது. ஜூக் பள்ளியின் பயிற்சிக்கு இதைவிடத் தெளிவான சான்று வேறில்லை.

1974-இல் இருவரும் ஜூக்கை விட்டுத் தத்யானா தராசோவாவிடம் சென்றார்கள். வேகத்தோடு நடன அமைப்புக்கும் அங்கே இடம் கிடைத்தது. 1975-இல் மணம் புரிந்தார்கள். 1976 இன்ஸ்புருக்கில் தங்கம் வென்றார்கள். 1978-உடன் ரோட்னினாவின் தொடர் உலகப் பட்டங்கள் பத்தாயின.

1979 பிப்ரவரியில் மகன் பிறந்தான். அந்த ஆண்டு ரோட்னினா இல்லாத உலகப் போட்டியில் அமெரிக்காவின் டாய் பாபிலோனியா, ராண்டி கார்ட்னர் ஜோடி வென்றது. அடுத்த ஆண்டு லேக் பிளாசிட் ஒலிம்பிக்கில் இரு ஜோடிகளும் மோதுவதை உலகமே எதிர்பார்த்தது. கார்ட்னருக்குத் தொடை இடுக்குத் தசையில் காயம்; அவர்கள் ஆடாமலே விலகினார்கள். மகனுக்கு ஒரு வயது நிறைவதற்குச் சில நாள்கள் முன்பு, 30 வயதில், ரோட்னினா மூன்றாவது ஒலிம்பிக் தங்கம் பெற்றார். பதக்க மேடையில் அவர் கண்ணீர் வடித்த காட்சி சோவியத் விளையாட்டு வரலாற்றில் மிகப் பரவலாக அறியப்பட்ட படங்களுள் ஒன்று.

அதே மேடையில் வெள்ளியோடு நின்றவர்கள் மரீனா செர்கசோவா, செர்கேய் ஷக்ராய். இவர்கள் ஜூக்கின் அடுத்த மாணவர்கள். உயர்ந்த இளைஞர், மிகச் சிறிய பெண். பெண்ணை மேலே எறிந்து நான்கு சுற்றுச் சுழலவிட்டுப் பிடிக்கும் வித்தையைப் போட்டியில் காட்டிய முன்னோடிகள். ரோட்னினா திறந்த வழி சர்க்கஸ் பக்கமாகச் சாய்ந்ததை இங்கே காணலாம். அந்தச் சாய்வை நேர்செய்தவர்கள் 1988 கல்கரியிலும் 1994 லில்லஹாமரிலும் வென்ற எகதெரீனா கோர்டியேவா, செர்கேய் கிரின்கோவ். ரோட்னினாவின் கடுமையும் புரோட்டோபோபோவ்களின் நளினமும் அவர்களிடம்தான் ஒன்றாகச் சேர்ந்தன.

ரோட்னினா பின்னர் அமெரிக்காவில் பயிற்சியாளராக இருந்தார். 1995-இல் உலகப் பட்டம் வென்ற அவருடைய மாணவர்கள் ராட்கா கோவார்ஷிகோவாவும் ரெனே நோவோட்னியும் செக் நாட்டவர்கள். 2007 முதல் ரஷ்ய நாடாளுமன்ற உறுப்பினர். 2014 சோச்சி ஒலிம்பிக்கில் விளாதிஸ்லாவ் திரெத்யாக்குடன் சேர்ந்து சுடர் ஏற்றியவர்.

அவருக்குப் பின் வந்தவர்களில், துணைவர் மாறியும் வென்றவர் என்ற முறையில் அவரோடு ஒப்பிடத் தக்கவர் ஜெர்மனிக்காக ஆடிய அல்யோனா சாவ்செங்கோ. ராபின் ஷோல்கோவியுடன் ஐந்து, புரூனோ மாசோவுடன் ஒன்று என அவர் வென்ற உலகப் பட்டங்கள் ஆறு. ஒலிம்பிக் தங்கம் ஒன்று. அதுவும் 2018-இல், தம் ஐந்தாவது ஒலிம்பிக்கில். ரோட்னினாவின் கணக்கில் உலகப் பட்டங்கள் 10, ஐரோப்பியப் பட்டங்கள் 11, ஒலிம்பிக் தங்கங்கள் 3. இணையர் பிரிவில் இந்தக் கணக்கை இன்றுவரை யாரும் எட்டவில்லை.