பால் வற்றச் செய்தல்: மாத்திரையும் மல்லிகையும்

குழந்தைக்குப் பாலூட்ட விரும்பாத தாய்க்கும், பிறந்த குழந்தையைப் பறிகொடுத்த தாய்க்கும் பால் சுரப்பது உடனே நிற்பதில்லை. ஊட்டப்படாத பால் தேங்கி மார்பு கனத்து வலிக்கும் இந்நிலையைத் தமிழ்நாட்டில் பால் கட்டிக்கொள்ளுதல் என்பர். இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், புட்டிப்பால் பெருவழக்காகிவிட்ட அமெரிக்காவில், இதனைத் தணிக்க ஈஸ்ட்ரோஜன் என்னும் பெண்மை இயக்குநீர் தரப்பட்டது. இரத்தக்குழாய்களில் இரத்தம் உறையும் ஆபத்து வெளிப்பட்ட பின் அவ்வழக்கம் தளர, பால் சுரப்பைத் தூண்டும் புரோலாக்டின் இயக்குநீரைக் குறைக்கும் புரோமோகிரிப்டின் மாத்திரை அவ்விடத்தைப் பிடித்தது.

தென்னிந்தியப் பெண்களோ தொடுத்த மல்லிகைப் பூவை மார்பில் வைத்துக் கட்டும் வழக்கத்தை நெடுங்காலமாகக் கொண்டிருந்தனர். இதைப் பாட்டி வைத்தியம் என்று ஒதுக்காமல் அம்மாத்திரையோடு நேருக்கு நேர் ஒப்பிட்டுப் பார்த்த வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்களின் செயல் பெரிதும் போற்றத்தக்கது. 1988இல் வெளியான அவர்களது ஆய்வின்படி, இரத்தத்தில் புரோலாக்டின் அளவை மாத்திரையே கூடுதலாகக் குறைத்தது. ஆயினும் பால் சுரப்பையும் மார்புக் கட்டையும் தணிப்பதில் பூவும் அதற்கு ஈடாகவே நின்றது.

பக்கவாதம், வலிப்பு, மாரடைப்பு ஆகியவை நேர்ந்ததாக அறிக்கைகள் வந்ததால், 1994இல் அமெரிக்காவில் இப்பயனுக்கான புரோமோகிரிப்டின் விற்பனை கைவிடப்பட்டது. நலமாக இருந்த இளம் தாய்மார், நோயே அல்லாத ஒன்றுக்காக இந்த ஆபத்தைச் சுமக்க நேர்ந்தது வருந்தத்தக்கது. பால் வெளியேற்றப்படாவிட்டால் சுரப்பு தானே படிப்படியாக அடங்கும் என்பதால், தாங்கிப் பிடிக்கும் உள்ளாடை, குளிர்ந்த ஒத்தடம், வலி மாத்திரை ஆகியவற்றையே பல மருத்துவர்கள் இன்று முதலில் பரிந்துரைக்கின்றனர்.