மின்சைக்கிள் புதுக் கண்டுபிடிப்பா?

கொஞ்சம் நீண்ட பதிவு. நேரமுள்ளவர்கள் வாசியுங்கள்.

பழைய மவுண்டன் சைக்கிளுக்கு மோட்டார் பூட்டி ஓட்டும் பிள்ளைகளின் வீடியோக்களை அடிக்கடி பகிர்கிறோம். கீழே "கண்டுபிடிப்பாளர்", "இளம் விஞ்ஞானி" என்று நூறு கொமென்ட். ஒரு வாரத்தில் எல்லோரும் மறந்துவிடுவோம். பிள்ளையைப் பாராட்டுவது நல்லது. ஆனால் அவர் செய்தது கண்டுபிடிப்பு அல்ல. அப்படிச் சொல்வது அவரைக் குறைப்பதாகாது என்பதற்காகத்தான் இந்த வரலாறு.

அமெரிக்காவின் ஒஹையோ மாநிலம், கன்டன் நகரைச் சேர்ந்த ஒக்டன் போல்டன் என்பவருக்கு 1895 டிசம்பர் 31ஆம் திகதி மின்சைக்கிளுக்கான காப்புரிமை கிடைத்தது. அந்த வரைபடத்தைப் பார்த்தால் ஆச்சரியப்படுவீர்கள். பின் சில்லின் நடுவில் மோட்டார், பிரேமின் முக்கோணத்துக்குள் தொங்கும் பற்றரி. இன்று எங்கள் பிள்ளைகள் பூட்டும் இடமும் அதேதான். 10 வோல்ட் பற்றரியிலிருந்து 100 அம்பியர் வரை இழுக்கலாம் என்று எழுதியிருந்தார். பெருக்கிப் பாருங்கள், 1000 வோற்று. 1897இல் பொஸ்டனைச் சேர்ந்த ஹோசியா லிபி இரட்டை மோட்டார் வைத்த இன்னொன்றுக்குக் காப்புரிமை பெற்றார்.

அப்படியானால் நூறு வருடம் ஏன் தெருவில் காணவில்லை? பாரம்தான் காரணம். அன்றிருந்தது ஈயப் பற்றரி. இன்றுகூட 12 வோல்ட், 12 அம்பியர்மணி ஈயப் பற்றரி மூன்றைச் சேர்த்து 36 வோல்ட் எடுத்தால் சுமார் 12 கிலோ வரும். அதே அளவு மின்சாரத்தை லித்தியம் பற்றரியில் மூன்று கிலோவுக்குள் எடுக்கலாம். 1991இல் சொனி நிறுவனம் லித்தியம் அயன் பற்றரியைச் சந்தைக்குக் கொண்டுவந்தது, கமராவுக்கும் கணினிக்கும்தான். சைக்கிளை யாரும் நினைக்கவில்லை. 1980களில் வந்த நியோடிமியம் காந்தம் மோட்டாரைச் சிறிதாக்கியது. 1993இல் ஜப்பானில் யமஹா, மிதிக்கும்போது மட்டும் உதவும் சைக்கிளை விற்கத் தொடங்கியது. பிறகு சீனா. அங்கே பல நகரங்கள் பெற்றோல் மோட்டார் சைக்கிளைக் கட்டுப்படுத்தியபோது சனங்கள் மின்சைக்கிளுக்கு மாறினார்கள். இன்று நாங்கள் ஒன்லைனில் வாங்கும் மோட்டாரும் கொன்ட்ரோலரும் பெரும்பாலும் அந்தச் சந்தையின் பிள்ளைகள்தான்.

இதில் எனக்குப் பிடித்தது மவுண்டன் சைக்கிளின் கதை. அதுவும் கராஜில் பிறந்ததுதான். 1970களில் கலிபோர்னியாவின் மரின் மாவட்ட இளைஞர்கள், 1930கள், 40களில் செய்த தடித்த டயர் ஷ்வின் சைக்கிள்களைப் பழைய விலைக்கு வாங்கி, மலைப்பாதையில் இறக்கி ஓடினார்கள். 1976இல் தொடங்கிய அந்தப் போட்டிக்கு 'ரீபெக்' என்று பெயர். ஏன் தெரியுமா? இறக்கத்தில் பின் சில்லின் பிரேக் சூடாகி உள்ளே இருக்கும் கிறீஸ் புகைந்து போகும். ஒவ்வொரு தடவையும் கழற்றிப் புதிதாக அடைக்க வேண்டும். மோட்டார் சைக்கிள் பிரேக் லீவரைப் பூட்டினார்கள், கியரைப் பூட்டினார்கள். ஜோ பிரீஸ், கெரி பிஷர் போன்றவர்கள் பெயரெடுத்தது அங்கேதான். 1981இல் ஸ்பெஷலைஸ்ட் நிறுவனம் 'ஸ்டம்ப்ஜம்பர்' என்று தொழிற்சாலையில் செய்து விற்ற பிறகே உலகம் அதை வாங்கியது. மாற்றிப் பூட்டியவர்கள் முன்னால், கம்பனி பின்னால்.

எங்கள் நாட்டிலும் அந்த வழக்கம் உண்டு. 1990களில் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லாத காலத்தில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவிலிருந்து வானொலிக்கு மின்சாரம் எடுத்தார்கள். லைட் எரிக்கச் செய்த 6 வோல்ட், 3 வோற்று டைனமோவில் செய்தி கேட்டது ஒரு சமூகம். (1990 ஒக்டோபரில் அங்கிருந்து வெளியேற்றப்பட்ட எங்கள் மக்கள் வீட்டையும் கடையையும் விட்டுத்தான் வந்தார்கள். அது தனியாக எழுத வேண்டியது.)

பிறகு 2022. ஜனவரியில் 177 ரூபாய்க்கு விற்ற ஒரு லீற்றர் 92 ஒக்டேன் பெற்றோல் ஜூன் முடிவில் 470 ரூபாய். விலையை விடுங்கள், ஷெட்டில் பெற்றோலே இல்லை. ஜூலையில் கியூஆர் வந்தபோது மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர். ஆசிரியர்கள் பாடசாலைக்கு வர முடியாமல் வகுப்புகள் நின்றன, திறந்த பிறகும் சில காலம் வாரத்தில் மூன்று நாள்தான். டொலர் இல்லாததால் புதுச் சைக்கிளின் விலையும் ஏறியது. அப்போதுதான் கோழிக்கூட்டுக்குப் பக்கத்தில் துருப்பிடித்துக் கிடந்த மவுண்டன் சைக்கிள்கள் வெளியே வந்தன. மோட்டார் பூட்டும் வேலையும் பல ஊர்களில் அந்த நெருக்கடியில்தான் சூடு பிடித்தது. ஆனால் மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு இருந்ததையும் மறந்துவிடக் கூடாது. பெற்றோலும் இல்லை, சார்ஜ் போடக் கரண்டும் இல்லை. அன்று கடைசிவரை ஓடியது பெடல் மட்டும்தான். அதனால்தான் சொல்கிறேன், மோட்டார் பூட்டினாலும் பெடலைக் கழற்றாதீர்கள்.

"கண்டுபிடிப்பு" என்று கைதட்டும்போது யாரும் கேள்வி கேட்பதில்லை. வேலை என்று பார்த்தால் கேட்போம். முன் சில்லில் மோட்டார் என்றால் போர்க் இரும்பா, அலுமினியமா? அலுமினியம் என்றால் மோட்டாரின் முறுக்கில் அச்சுப் பிடிக்கும் இடம் உடைந்து, சில்லே கழன்று விழலாம். அச்சைச் சுழலவிடாமல் பிடிக்கும் இரும்புத் தகடு, 'டோர்க் ஆர்ம்', பூட்டியிருக்கிறதா? பற்றரியில் பத்து செல் வரிசை என்றால் சார்ஜ் 42 வோல்டில் நிற்க வேண்டும். அதை நிறுத்தவும், செல்களைச் சமப்படுத்தவும் பீஎம்எஸ் பலகை இருக்கிறதா? பழைய லெப்டொப்பில் கழற்றிய செல்களை ஒவ்வொன்றாகச் சோதித்தீர்களா, அப்படியே ஈயம் வைத்தீர்களா? லித்தியம் தீப்பிடித்தால் அணைப்பது இலேசான காரியமல்ல. இரவில் எல்லோரும் தூங்கும்போது வீட்டுக்குள் சார்ஜில் போடாதீர்கள். பிரேக் கட்டைகள் தேய்ந்திருந்தால் முதலில் அதை மாற்றுங்கள், மோட்டார் பிறகு.

உயர்தரத் தொழில்நுட்பப் பிரிவு மாணவர்களோடு இதை முறையாகச் செய்து பார்க்க நினைத்திருக்கிறேன். இரும்பு போர்க் உள்ள 26 அங்குல மவுண்டன் சைக்கிள் யாரிடமாவது சும்மா கிடந்தால் இன்பொக்ஸில் சொல்லுங்கள். டயர் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, ரிம் நெளியாமல் இருந்தால் போதும்.